வீட்டுக்கு எடுத்த பணம் செலவு ஆகாது: எடுப்பை உரைக்கோப்புக் கணக்கில் எழுதும் முறை

மதுரைப் பக்கம் சின்னக் கடைகளில் கல்லாவும் வீட்டுப் பையும் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் பால் பாக்கி, மதியம் பிள்ளையின் டியூஷன், ராத்திரி அம்மாவுக்கு மாத்திரை என எல்லாம் அதே டிராயரிலிருந்துதான் போகும். இதில் தப்பே இல்லை. ஒருவர் மட்டும் முதலாளியாக இருக்கும் கடையில் அந்தப் பணம் சட்டப்படியும் அவருடையதுதான். எடுத்ததை எழுதாமல் விடுவதும், எழுதினாலும் செலவுக் கணக்கில் எழுதுவதும்தான் தப்பு.

செலவு என்று எழுதினால் இலாபம் அந்த அளவுக்குக் குறைந்து காட்டும். நன்றாக ஓடுகிற கடை நஷ்டத்தில் ஓடுவதுபோல் தெரியும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு, சொந்தச் செலவை வியாபாரச் செலவாகக் கழிக்க அனுமதிப்பதில்லை. ஆடிட்டர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வெளியே எடுக்க வேண்டியிருக்கும். எழுதாமலே விட்டால் விளைவு இன்னும் மோசம். அதைக் கீழே எண்களோடு பார்ப்போம். சரியான இடம் எடுப்புக் கணக்கு. அது 'முதல்' கணக்கின், அதாவது மூலதனக் கணக்கின், கீழே உட்காரும், இலாப நட்டத்தைத் தொடாது, முதலை மட்டும் குறைக்கும்.

இங்கே உரைக்கோப்புக் கணக்கு என்பது சாதாரண நோட்பேட் கோப்பில் இரட்டைப் பதிவு முறையில் (ஒவ்வொரு வரவுக்கும் ஈடாக ஒரு பற்று வரும்படி) எழுதி, ஒரு நிரலை, அதாவது கணினி புரோகிராமை, கொண்டு கூட்டிப் பார்ப்பது. இதற்கு முதலில் வந்த நிரல் 2003இல் ஜான் வீக்லி எழுதிய லெட்ஜர். அதை ஒட்டி 2007இல் சைமன் மைக்கேல் தொடங்கியது எச்லெட்ஜர். இரண்டும் இலவசம். இந்த வழிகாட்டி எச்லெட்ஜருக்கானது. கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் கடையில் இருக்கிற யாரும் படிக்க முடியும். கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் கொடுத்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு, செல்லூரில் கீழே கடையும் மாடியில் வீடுமாக இருக்கும் ஒரு மளிகைக் கடையை வைத்துக்கொள்வோம். சரக்கு கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்குவது. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் பிரிவு எண்கள் மாறும்.

கணக்குப் பெயர்கள்

ஐந்து தலைப்புகள் போதும்: உடைமை, கடன், முதல், வருவாய், செலவு. முதலின் கீழே மூன்று கிளைகள்:

முதல்:இருப்பு
முதல்:சேர்ப்பு
முதல்:எடுப்பு

இருப்பு என்பது ஆண்டுத் தொடக்கத்தில் கடையில் போட்டிருந்த முதல். சேர்ப்பு, ஆண்டு நடுவில் சொந்தப் பணத்திலிருந்து கடைக்குள் கொண்டுவந்தது. எடுப்பின் கீழே வீடு, பள்ளி, காப்பீடு, வருமான வரி, பண்டம் என்று நான்கைந்து உள்கணக்குகள் வைக்கலாம். அதற்கு மேல் பிரிக்காதீர்கள். பதினைந்து உள்கணக்கு வைத்தால் ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் எதில் போடுவது என்ற யோசனையிலேயே எழுதுவது நின்றுபோகும்.

'சொத்து' என்ற பெயரைத் தவிர்த்து 'உடைமை' என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருங்குறியில் (யூனிகோடில்) 'ஒ', 'ஓ', 'ஔ' வரிசை உயிர்மெய்களின் குறிகளை இரண்டு விதமாகப் பதிய முடியும்: ஒரே குறியாக ஒரு விதம், கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். நிரலுக்கு அவை வேறு வேறு பெயர்கள். கைபேசியில் ஒரு விதமாகவும் கணினியில் இன்னொரு விதமாகவும் தட்டினால் 'சொத்து' இரண்டு கணக்காகப் பிரிந்து, கூட்டு ஏன் உதைக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் கணக்குப் பெயரில் அந்த எழுத்துகள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ரொக்கம்' வேண்டாம், 'கல்லா' இருக்கட்டும். 'கொள்முதல்' வேண்டாம், 'செலவு:சரக்கு' போதும். விவரக் குறிப்பில் எந்த எழுத்து வந்தாலும் பாதகமில்லை.

ஆங்கிலப் பெயர் வைத்தவர்களுக்கு இல்லாத இன்னொரு வேலை நமக்கு உண்டு. எச்லெட்ஜர் ஆங்கிலத் தலைப்புகளைப் பார்த்தே எது உடைமை, எது முதல் என்று ஊகித்துக்கொள்ளும். தமிழ்த் தலைப்பை அதற்குத் தெரியாது. கோப்பின் தொடக்கத்தில் ஒவ்வொரு தலைப்பையும் 'அக்கவுண்ட்' என்ற கட்டளைச் சொல்லோடு அறிவித்து, அதே வரியில் இரண்டு இடைவெளி விட்டு, அரைப்புள்ளி போட்டு, 'டைப்' என்ற குறிச்சொல்லும் முக்காற்புள்ளியும் வகை எழுத்தும் கொடுக்க வேண்டும். உடைமைக்கு ஏ, கடனுக்கு எல், முதலுக்கு ஈ, வருவாய்க்கு ஆர், செலவுக்கு எக்ஸ். உள்கணக்குகள் மேல்தலைப்பின் வகையைத் தாமே எடுத்துக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் இலாப நட்ட அறிக்கையும் இருப்புநிலைக் குறிப்பும் வெறுமையாக வரும், பிழைச் செய்தியும் வராது. தமிழில் தொடங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்தது எண்கள். ₹1,150 என்று காற்புள்ளி போட்டு எழுதினால், முன்னறிவிப்பு இல்லாத கோப்பில் நிரல் அந்தக் காற்புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் ஒரு ரூபாய் பதினைந்து காசாகிவிடும். கோப்பின் முதல் வரியில் 'டெசிமல்-மார்க்' கட்டளையோடு புள்ளியைக் கொடுங்கள். அடுத்த வரியில் 'கமாடிட்டி' கட்டளையோடு ₹1,00,00,000.00 என்ற மாதிரியைக் கொடுத்தால், அறிக்கைகளிலும் இலட்சம் கோடி முறையிலேயே காற்புள்ளி விழும்.

பதிவின் இலக்கணம்

2025-06-05 * பள்ளிக் கட்டணம், முதல் பருவம்
    முதல்:எடுப்பு:பள்ளி  ₹16,000.00
    உடைமை:வங்கி

முதல் வரியில் தேதியும் விவரமும். கீழ் வரிகள் உள்தள்ளி வர வேண்டும். கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி கட்டாயம். ஒன்று மட்டும் விட்டால் தொகையும் பெயரின் பகுதியாகிவிடும். பத்தி நேராக இருக்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்தின் அகலத்துக்கு அது நேராக நிற்கவும் செய்யாது. ஒரே ஒரு வரியில் தொகையை விட்டுவிட்டால் மீதியை நிரலே நிரப்பும். இங்கே வங்கியில் -₹16,000.

பற்று கூட்டல் குறி, வரவு கழித்தல் குறி. முதல் எப்போதும் கழித்தலில் நிற்கும், எடுப்பு கூட்டலில் நிற்கும். அதனால் 'முதல்' என்ற தலைப்பின் கூட்டுத்தொகை எடுப்பு போக மீதியைத் தானாகவே காட்டிவிடும். எடுப்பைச் செலவுத் தலைப்பில் வைக்காமல் முதலின் கீழே வைத்ததன் பலன் இது.

அன்றாடக் கல்லா: எடுப்பு தொலைந்துபோகும் இடம்

பில் மெஷின் இல்லாத கடைகளில் ரொக்க விற்பனையை யாரும் ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. ராத்திரி கல்லாவை எண்ணி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் விற்பனையைக் கண்டுபிடிப்பார்கள்:

விற்பனை = இரவு இருப்பு + கல்லாவிலிருந்து கொடுத்தவை + வங்கியில் கட்டியது + எடுப்பு − காலை இருப்பு

காலையில் ₹2,000 இருந்தது. சரக்குக்காரருக்கு ₹1,150 கொடுத்தோம். வங்கியில் ₹5,000 கட்டினோம். வீட்டுக்கு ₹800 எடுத்தோம். இரவில் எண்ணினால் ₹3,690. அப்படியானால் விற்பனை ₹8,640.

2025-06-12 * நாள் கணக்கு
    செலவு:சரக்கு  ₹1,150.00
    உடைமை:வங்கி  ₹5,000.00
    முதல்:எடுப்பு:வீடு  ₹800.00
    உடைமை:கல்லா  ₹1,690.00 = ₹3,690.00
    வருவாய்:விற்பனை:கல்லா

கல்லா வரியில் ₹1,690 என்பது அன்று கூடியது, அதாவது இரவு இருப்பில் காலை இருப்பைக் கழித்தது. சமக்குறிக்குப் பின்னால் இருப்பது கையால் எண்ணிய தொகை. நிரல் தன் கணக்குப்படி வரும் இருப்பை இதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு காசு வித்தியாசம் இருந்தாலும் நின்று, கணக்குப்படி எவ்வளவு, நீங்கள் சொன்னது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று மூன்றையும் காட்டும். சமக்குறி இல்லாமல் கல்லாக் கணக்கு எழுதாதீர்கள்.

இப்போது அந்த ₹800 வரியை விட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லா இருப்பு அப்போதும் ₹3,690தான். சமக்குறிச் சோதனை தேறிவிடும். ஆனால் விற்பனை ₹7,840 என்று நிரம்பும். எழுதாத எடுப்பு கல்லாவைக் குறைப்பதில்லை, விற்பனையைக் குறைக்கிறது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆண்டுக்கு 300 நாள் இப்படிப் போனால் விற்றுமுதலில் ₹2,40,000 காணாமல் போகும். ஜிஎஸ்டி கணக்கிலும் வருமான வரிக் கணக்கிலும் அது மறைத்த விற்பனையாகத்தான் நிற்கும். மறைக்கும் எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது, ஆனாலும் காகிதம் சொல்வது அதுதான்.

இதற்கு மருந்து ஒன்றே. கல்லாவுக்குள் ஒரு சிட்டை நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கட்டும். பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தொகை எழுதப்பட வேண்டும். வீட்டம்மா எடுத்தாலும் மகன் எடுத்தாலும் இதே விதி. விவரம் பிறகு எழுதலாம், தொகை அப்போதே வேண்டும். மறுநாள் ஞாபகம் வந்தால், அந்த நாளின் பதிவுக்குள்ளேயே போய் எடுப்பு வரியைச் சேர்த்துவிடுங்கள். கடைசி வரியில் தொகை வெறுமையாக இருப்பதால் விற்பனை தானே உயர்ந்து சரியாகிவிடும். இன்றைய தேதியில் தனிப் பதிவாக எழுதினால் இன்றைய கல்லா உதைக்கும்.

பில் மெஷின் உள்ள கடையில் விற்பனைத் தொகை தெரிந்தது, ஆகவே கல்லாக் குறைவு நேராக வெளியே வரும். கல்லாவில் வீட்டு ஆட்கள் மட்டும் உட்காருகிறார்கள் என்றால் அதை எடுப்பில் போட்டுவிடலாம். சம்பள ஆள் உட்காருகிற கடையில் அப்படிச் செய்யக்கூடாது. 'செலவு:கல்லாக் குறைவு' என்று தனியே வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். சில்லறைத் தவறு கூடவும் குறையவுமாக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரே பக்கமாக ஏறினால் விசாரிக்க வேண்டிய விஷயம்.

கியூஆர் அட்டை சொந்தக் கணக்கில் இருந்தால்

கடை வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் முதலாளியின் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருப்பது சர்வசாதாரணம். அந்தப் பணம் கடையின் எந்தக் கணக்குக்கும் வருவதில்லை, நேரே வீட்டுக்குப் போகிறது. அதனால் ஒரே பதிவில் விற்பனையும் எடுப்பும் சேர்ந்து வர வேண்டும்:

2025-06-12 * யூபிஐ விற்பனை, சொந்தக் கணக்கில் வரவு
    முதல்:எடுப்பு:வீடு  ₹3,210.00
    வருவாய்:விற்பனை:யூபிஐ

அதே சேமிப்புக் கணக்கிலிருந்து சரக்குக்காரருக்குப் பணம் அனுப்பினால் 'செலவு:சரக்கு' ஒரு பக்கம், 'முதல்:சேர்ப்பு' மறுபக்கம். இரண்டையும் கழித்து மீதியை மட்டும் எழுதும் பழக்கம் வேண்டாம், விற்றுமுதல் குறைந்துபோகும். கல்லா விற்பனையையும் யூபிஐ விற்பனையையும் தனி உள்கணக்கில் வைத்ததற்கும் காரணம் உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின் உத்தேச இலாப முறையில் வரி கட்டுகிறவர்களுக்கு ரொக்கமாக வந்த விற்றுமுதலில் 8 சதவீதமும், வங்கி வழியாகவும் டிஜிட்டலாகவும் வந்ததில் 6 சதவீதமும் குறைந்தபட்ச இலாபமாகக் கொள்ளப்படும். பிரித்து எழுதாதவர் அந்த 2 சதவீத வித்தியாசத்தை நிரூபிக்க முடியாமல் நிற்பார்.

நிரந்தரத் தீர்வு, கடைக்கென்று ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்து கியூஆரை அதற்கு மாற்றுவது. அதன் பிறகு மாதம் ஒரு தேதியில் ஒரு முழுத் தொகையைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, அதை மட்டும் எடுப்பாக எழுதினால் போதும். நூறு பதிவு எழுத வேண்டிய இடத்தில் ஒன்று.

மாடிக்குப் போகும் சரக்கு

மளிகைக் கடைக்காரர் வீட்டில் அரிசி, எண்ணெய், பருப்பு விலைக்கு வாங்குவதில்லை, கடையிலிருந்தே ஏறும். இதுவும் எடுப்புதான். விற்பனை விலையில் எழுதக்கூடாது. எழுதினால் நமக்கு நாமே விற்று இலாபம் பார்த்ததாக ஆகும். வாங்கிய விலையில், சரக்குக் கணக்கைக் குறைத்து எழுத வேண்டும்.

ஜிஎஸ்டி இருக்கிற இடத்தில் இன்னொரு படி உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டி, பிறகு நம் வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டியை, தக்கவைத்துக்கொள்ள முடியாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின் ஜி உட்பிரிவு அதைத் தடுக்கிறது. வாங்கும்போது எடுத்துக்கொண்ட வரியைத் திருப்ப வேண்டும். 25 கிலோ வரையிலான, விவரச் சீட்டு அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத வரி உண்டு. அந்த எல்லையைத் தாண்டிய 26 கிலோ மூட்டைக்கு வரி இல்லை, ஆகவே திருப்பவும் ஒன்றுமில்லை. கடலை எண்ணெய்க்கு 5 சதவீதம்.

2025-06-15 * வீட்டுக்கு எடுத்த சரக்கு
    முதல்:எடுப்பு:பண்டம்  ₹2,345.00
    செலவு:சரக்கு  ₹-1,400.00  ; 26 கிலோ அரிசி 1 மூட்டை
    செலவு:சரக்கு  ₹-900.00  ; கடலை எண்ணெய் 5 லிட்டர், வரி நீங்கலாக
    உடைமை:ஜிஎஸ்டி உள்வரி  ₹-45.00

அந்த ₹45 பாதி மத்திய வரி, பாதி மாநில வரி. உள்வரியை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தால் ₹22.50 வீதம் இரண்டு வரியாக எழுதுங்கள். மாதக் கடைசியில் இப்படித் திருப்பிய வரியின் கூட்டுத்தொகை ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் 4(பி)(1) கட்டத்துக்குப் போக வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கிற கடைக்கு உள்ளீட்டு வரியே கிடையாது. அவர்கள் வரியோடு சேர்ந்த விலையிலேயே ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஒவ்வொரு கொத்தமல்லிக் கட்டுக்கும் பதிவு போட வேண்டியதில்லை. மாடிக்குப் போகிற சாமான்களை ஒரு நோட்டில் குறித்து, வாரம் ஒருமுறை வாங்கிய விலை போட்டுக் கூட்டி ஒரே பதிவாக எழுதலாம். அறவே எழுதாமல் விட்டால் ஆண்டுக் கடைசியில் சரக்கிருப்பு எடுக்கும்போது மொத்த இலாப விகிதம் விழுந்திருக்கும், வேலையாள் மேல் வீண் சந்தேகம் வரும்.

எது எடுப்பு, எது செலவு

மின் கட்டணத்தில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. மாடிக்கும் கடைக்கும் ஒரே மீட்டர் என்றால் ஒரு விகிதத்தை முடிவு செய்து, அதை ஆண்டு முழுக்க மாற்றாமல் பிடியுங்கள். ₹4,200 பில்லில் கடைக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றால் 'செலவு:மின்சாரம்' ₹2,800, 'முதல்:எடுப்பு:வீடு' ₹1,400. விகிதம் எப்படி வந்தது என்று, குளிர்பதனப் பெட்டி, விளக்கு, விசிறி எண்ணிக்கையோடு, பதிவின் கீழே அரைப்புள்ளி போட்டு ஒருமுறை குறித்துவையுங்கள். வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்கும் கைபேசிக் கட்டணத்துக்கும் இதே முறை.

வருமான வரி எடுப்பு. கடையின் இலாபத்துக்குக் கட்டுவதுதானே என்று பலரும் செலவில் எழுதுகிறார்கள். அது முதலாளியின் சொந்த வரி. ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் எடுப்பு. கடைச் சரக்குக்கான தீ விபத்துக் காப்பீடு செலவு.

சீட்டுப் பணம், யார் தேவைக்கு என்பதைப் பொறுத்தது. மகள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சீட்டென்றால் தவணை முழுவதும் எடுப்பு. எடுக்கிற தொகையைக் கடைக்குச் சரக்குப் போடப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் 'உடைமை:சீட்டு'. தண்டல் கடனும் இப்படித்தான். கடைக்காக வாங்கியதானால் அசல் 'கடன்' கணக்கைக் குறைக்கும், வட்டி செலவு. வீட்டு விசேஷத்துக்கு வாங்கியதானால் கல்லாவிலிருந்து போகிற ஒவ்வொரு தவணையும், அசலும் வட்டியும், எடுப்பு.

மச்சானுக்குக் கல்லாவிலிருந்து ₹10,000 கைமாற்றுக் கொடுத்தால் எடுப்பு. அதே ஆண்டுக்குள் அவர் திருப்பினால் 'முதல்:எடுப்பு:வீடு' கணக்கிலேயே கழித்தல் குறியோடு எழுதி நேர் செய்யுங்கள். அடுத்த ஆண்டு வந்தால் சேர்ப்பு.

சித்திரைத் திருவிழாவுக்குக் கடை வாசலில் வைக்கிற நீர்மோர்ப் பந்தலைப் பற்றி ஆடிட்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. கடைப் பெயர்ப் பதாகையோடு வைத்தால் விளம்பரச் செலவு என்று வாதிட இடமிருக்கிறது. குடும்பத்து மண்டகப்படிக்குக் கொடுத்தது எடுப்பு, அதில் பேச்சில்லை. ஆயுத பூஜைக்குக் கடையாட்களுக்குக் கொடுத்த போனஸும் பொரிகடலையும் செலவு.

மனைவி கடையில் உண்மையாகவே உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றால் நியாயமான சம்பளம் செலவாகும், அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் போக வேண்டும். வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டு மார்ச்சில் உட்கார்ந்து அதைச் சம்பளம் என்று பெயர் மாற்றாதீர்கள். தனியுரிமைக் கடையில் முதலாளிக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. எத்தனை ஒழுங்காக மாதம் ₹25,000 எடுத்தாலும் அது எடுப்பே.

சரிபார்ப்பது

வாரம் ஒருமுறை 'செக்' கட்டளையை 'ஸ்ட்ரிக்ட்' தேர்வோடு ஓட்டுங்கள். முன்கூட்டி அறிவிக்காத கணக்குப் பெயர் எது வந்தாலும் அது நிறுத்திக் காட்டும். 'எடுப்பு' என்பதை 'எடுபு' என்று தட்டிவிட்டாலோ, மேலே சொன்ன இரட்டை எழுத்துக் கோளாறு புகுந்தாலோ இதில் மாட்டும். இதற்கு ஒவ்வொரு உள்கணக்கையும் அறிவித்திருக்க வேண்டும்.

மாதவாரி எடுப்பைப் பார்க்க 'பேலன்ஸ்' கட்டளையோடு 'எடுப்பு' என்ற சொல்லையும் கழித்தல் குறியோடு பெரிய எம் எழுத்தையும் கொடுங்கள். பன்னிரண்டு மாதமும் அடுத்தடுத்த பத்திகளில் வரும். அதோடு 'இன்கம்ஸ்டேட்மென்ட்' அறிக்கையையும் மாதவாரியாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை வேலையும். மூன்று மாதம் தொடர்ந்து எடுப்பு இலாபத்தைத் தாண்டினால், முதலையே தின்றுகொண்டிருக்கிறோம் என்று பொருள். கடையில் சரக்கு மெலிவதற்கு முன்பே எண்ணில் அது தெரிந்துவிடும்.

குறி மாற்றம் ஒன்றைக் கவனியுங்கள். 'பேலன்ஸ்' அறிக்கையில் எடுப்பு கூட்டலில் நிற்கும். 'பேலன்ஸ்ஷீட்ஈக்விட்டி' அறிக்கை முதலைக் கூட்டலாகப் புரட்டிக் காட்டுவதால் அதில் எடுப்பு கழித்தலாக வரும். இரண்டும் சரிதான். கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்தால் அறிக்கையை எச்டிஎம்எல் கோப்பாக எழுதச் சொல்லி உலாவியில் திறந்து பாருங்கள். கணக்குக் கோப்பு யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது இதைக் கையால் தேர்வு செய்ய வேண்டும்.

மார்ச் 31

எடுப்பைக் கட்டாயம் முடித்துக் கட்ட வேண்டும் என்பதில்லை. தேதி வரம்பு கொடுத்து அறிக்கை எடுத்தாலே அந்த ஆண்டுக்கு உரியது மட்டும் வரும். ஆனால் ஆடிட்டர் கேட்பது முதல் கணக்கு அறிக்கை. தொடக்க முதல் ₹4,50,000, நிகர இலாபம் ₹3,86,000, சேர்ப்பு ₹50,000, எடுப்பு ₹3,12,400 என்றால் இறுதி முதல் ₹5,73,600. புதிய ஆண்டு ₹5,73,600 என்ற ஒரே எண்ணோடு தொடங்க வேண்டுமானால் எடுப்பை இப்படி முதலுக்கு மாற்றுங்கள்:

2026-03-31 * எடுப்பை முதலுக்கு மாற்றியது
    முதல்:எடுப்பு:வீடு  ₹-2,40,000.00 = ₹0.00
    முதல்:எடுப்பு:பள்ளி  ₹-32,000.00 = ₹0.00
    முதல்:எடுப்பு:பண்டம்  ₹-28,400.00 = ₹0.00
    முதல்:எடுப்பு:காப்பீடு  ₹-12,000.00 = ₹0.00
    முதல்:இருப்பு  ₹3,12,400.00

இலாபத்தையும் சேர்ப்பையும் இதேபோல் இருப்புக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த முடிப்புப் பதிவுகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். முதன்மைக் கோப்பிலேயே எழுதிவிட்டால் அதன் பிறகு அந்த ஆண்டுக்கு எடுக்கிற எடுப்பு அறிக்கை முழுவதும் சுழியம் காட்டும். ஆடிட்டர் மே மாதம் விவரம் கேட்கும்போது திண்டாட்டமாகும்.

கூட்டாளிகள் இருந்தால்

அண்ணன் தம்பி கூட்டில் நடக்கும் கடையில் ஒரே எடுப்புக் கணக்கு வைத்தால் குடும்பம் பிரியும். 'முதல்:அண்ணன்:எடுப்பு', 'முதல்:தம்பி:எடுப்பு' என்று ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பண்டக் கணக்கு. மாதம் எடுக்கிற தொகை சம்பளமா எடுப்பா என்பதைக் கூட்டாண்மை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். ஒப்பந்தத்தில் ஊதியம் எழுதியிருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 40(பி) பிரிவின் வரம்புக்குள் அது செலவு. எழுதாவிட்டால் 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி கூட்டாளிக்கு ஊதியம் இல்லை, இலாபம் சமபங்கு, எடுத்ததெல்லாம் எடுப்பு. 2025 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194டி என்ற புதிய பிரிவும் வந்திருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் கடைசியிலிருந்து ஏழாவதான 'டீ'யில் முடிகிற பிரிவு அது. ஆண்டுக்கு ₹20,000க்கு மேல் கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளம், ஊதியம், கமிஷன், போனஸ், வட்டி ஆகியவற்றில் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். முதலிலிருந்து எடுக்கும் வெறும் எடுப்பு அதில் வராது. ஆகவே ஊதியத்தையும் எடுப்பையும் ஒரே பதிவில் கலக்காமல், ஊதியத்தை முதலில் கூட்டாளியின் கணக்கில் வரவு வைத்து, பிறகு பணம் எடுத்ததை எடுப்பாகத் தனியே எழுதுங்கள்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு இந்த வழிகாட்டியில் எதுவும் பொருந்தாது. கம்பெனி தனி ஆள். அதன் பணத்தில் எடுப்பு என்ற கணக்கே கிடையாது. இயக்குநருக்குப் போகும் தொகை சம்பளமாகவோ, ஈவுத்தொகையாகவோ, செலவுக்குத் திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்க வேண்டும். கடன் என்று எழுத நினைத்தால் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 185ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அதை ஆடிட்டரிடம் கேட்காமல் எழுத வேண்டாம்.